பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு: காத்திருப்பதா, பேசுவதா, மாத்திரையா?

பிள்ளை பெற்று மூன்று வாரம் ஆகிறது. குழந்தைக்கு எடை ஏறுகிறது, மஞ்சள் காமாலை இறங்கிவிட்டது, பார்க்க வருகிறவர்கள் மூக்கு யார் ஜாடை என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். தாய்க்குத்தான் ஏதோ சரியில்லை. தட்டில் வைத்த சோறு அப்படியே இருக்கிறது. குழந்தை தூங்கினாலும் அவள் தூங்குவதில்லை, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். என்னம்மா என்று கேட்டால் "ஒண்ணுமில்லை" என்கிறாள்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை கிளம்புவது இந்தக் கட்டத்தில்தான். பச்சை உடம்பு, போகப்போகச் சரியாகிவிடும் என்பார் பாட்டி. இங்கே கூட்டிவந்துவிடுங்கள், இடம் மாறினால் தெளிந்துவிடுவாள் என்பார் மாமியார். அக்கா கவுன்சலிங் என்பாள். யாராவது மனநல டாக்டர் என்று வாயெடுத்தால், பால் கொடுக்கிற பெண்ணுக்கு அந்த மாத்திரையெல்லாம் கொடுக்கலாமா என்று ஒரு குரல் வரும். பேச்சு அதோடு நின்றுவிடும்.

இந்த வழிகளை எடைபோட நான் வைத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இதில் யார் தலையில் வேலை விழுகிறது? எழுந்து பல் துலக்கவே தெம்பில்லாதவளிடம் "தினமும் நட, நல்லதையே நினை, பாட்டு கேள்" என்பது அவளுக்கு இன்னொரு வேலை கொடுப்பது. அதைச் செய்ய முடியாமல் போனால் அதற்கும் சேர்த்துத் தன்னையே நொந்துகொள்வாள். எனவே, நோய் எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்கு அவளிடம் குறைவாகக் கேட்கும் வழியே நல்ல வழி என்பது என் கட்சி.

முதலில், எது என்று பார்க்க வேண்டும்

பிரசவமான இரண்டாம் மூன்றாம் நாளில் காரணமில்லாமல் அழுகை வரும். நாலாம் ஐந்தாம் நாளில் அது உச்சத்துக்குப் போகும். இரண்டு வாரத்துக்குள் தானாக வடிந்துவிடும். பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு இது வருகிறது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் சட்டென்று சரிவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். மருந்து எதுவும் வேண்டாம், ஆதரவு போதும்.

மனச்சோர்வு வேறு. வாடிய மனநிலையும் எதிலும் பிடிப்பில்லாமையும் நாள் முழுக்க, அநேகமாக எல்லா நாளும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும். கூடவே பசி, தூக்கம் கெடும். "நான் நல்ல தாய் இல்லை" என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துகொள்ளும். சிலருக்கு அழுகையே இருக்காது. குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று இரவெல்லாம் எழுந்து எழுந்து பார்க்கும் பதற்றமாகவோ, எல்லோர் மீதும் எரிந்து விழுவதாகவோதான் அது வெளியே தெரியும். நம்மூர்ப் பெண்கள் பலர் தலைவலி, முதுகுவலி, உடம்பெல்லாம் அசதி என்றுதான் டாக்டரிடம் போகிறார்கள். முதல் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் இது தொடங்கலாம். கர்ப்பத்திலேயே தொடங்கி யாரும் கவனிக்காமல் போவதும் உண்டு. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வந்த கணக்குப்படி, பிள்ளை பெற்றவர்களில் 22 சதவீதத்தினருக்கு இந்தச் சோர்வு இருக்கிறது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது: பிரசவத்துக்குப் பின் வரும் மனப்பிறழ்வு (சைக்கோசிஸ்). ஆயிரம் பிரசவத்தில் ஒன்று இரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், திடீரென்று தொடங்கும். தூக்கமே தேவையில்லாதது போல் இருப்பாள். பேச்சு கோர்வையாக வராது. யாரோ பேசுவது கேட்கிறது என்பாள், குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்பாள். ஒரு மணி நேரம் தெளிவாக இருந்துவிட்டு மறுபடி குழம்புவாள். ஊரில் ஜன்னி கண்டுவிட்டது என்பார்கள். இங்கே எந்த வழி என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்க இடமில்லை. தாயையும் குழந்தையையும் தனியே விடாமல், மந்திரிக்க அழைத்துப்போகாமல், அன்றைக்கே மனநலப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். இது சிகிச்சையில் நன்றாகக் குணமாகும் நோய், தாமதம்தான் ஆபத்து.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். "குழந்தையை கீழே போட்டுவிடுவேனோ" என்று ஒரு எண்ணம் சுரீரென்று வந்து, வந்ததற்காகவே நடுங்கி, மாடிப்படிப் பக்கமே போகாமல் இருக்கும் தாய்மார்கள் நிறைய. பதற்றத்தில் வரும் எண்ணம் அது. அவள் அதைக் கண்டு பயப்படுவதே அவளுக்கு அதில் விருப்பமில்லை என்பதைக் காட்டுகிறது. அதைச் சொன்னால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்று பயந்து சொல்லாமல் இருக்கிறார்கள். டாக்டரிடம் தயங்காமல் சொல்லலாம், அவர்கள் அன்றாடம் கேட்கிற விஷயம். ஆனால் அந்த எண்ணம் சரி என்றே அவளுக்குத் தோன்றினால், யாரோ கட்டளையிடுவதாகச் சொன்னால், அது முந்தைய பத்தியில் சொன்ன அவசரம்.

காத்திருப்பது

காத்திருப்பதில் தப்பில்லை, கெடு வைத்துக் காத்திருந்தால். பிரசவமானதிலிருந்து 14 நாள். அதற்குள் தெளிய வேண்டும். தெளியவில்லை என்றால், இல்லை அதற்குள்ளேயே செத்துப்போகலாம் போலிருக்கிறது என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும், காத்திருப்பு முடிந்தது. மூன்றாம் மாதம் புகுந்த வீட்டுக்குப் போனதும் பார்த்துக்கொள்ளலாம், பெயர் சூட்டு விழா முடியட்டும் என்று தேதி தள்ளிக்கொண்டே போவதுதான் பிரச்சினை.

செலவில்லாத வழி என்று தோன்றுவதால்தான் எல்லோரும் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மற்றவர்களுக்குச் செலவில்லை, அவ்வளவுதான். பகலும் இரவும் கழிக்கிறவள் அவள். சிலருக்குத் தானாகச் சரியாவதும் உண்மை, பல மாதம் கழித்து. அந்த மாதங்கள் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கப் பழகும் மாதங்கள். தாயின் சோர்வுக்கும் குழந்தையின் ஊட்டக் குறைவுக்கும் தொடர்பு இருப்பதைத் தெற்காசிய ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன.

காத்திருக்கும் நாளில் செய்ய ஒரு நல்ல வேலை இருக்கிறது: ரத்தப் பரிசோதனை. பிரசவத்துக்குப் பிறகு நூற்றில் ஐந்து பேர் அளவுக்குத் தைராய்டு அழற்சி வரும், அதன் அறிகுறிகள் மனச்சோர்வு மாதிரியே இருக்கும். டி.எஸ்.எச். என்ற தைராய்டு சோதனையை ஒருமுறை பார்ப்பது நல்லது. ஹீமோகுளோபினும் அப்படியே. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பிரசவத்தில் இழந்த ரத்தமும் சேர்ந்தால் எழுந்து நடக்கவே தெம்பிருக்காது.

வீட்டை மாற்றியமைப்பது

தாய் வீடா, புகுந்த வீடா என்ற விவாதம் நம்மிடம் மட்டும்தான் இந்த அளவுக்கு நடக்கும். வேலூருக்குப் பக்கத்தில் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளைக் கடைசி மூன்று மாதத்தில் ஒருமுறையும் பிரசவத்துக்குப் பிறகு ஒருமுறையும் பார்த்து, 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். அதோடு சேர்ந்து வந்த காரணங்களைப் பார்த்தால் நம் வீடுகளே தெரியும்: வருமானக் குறைவு, மகனை எதிர்பார்த்து மகள் பிறந்தது, மாமியாரோடு ஒத்துப்போகாதது, பெற்றோரோடும் ஒத்துப்போகாதது, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், வேலையில் கைகொடுக்க ஆள் இல்லாதது.

பெற்றோர் என்பதும் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டால் போதும் என்று நாம் நினைப்பது எல்லோருக்கும் பொருந்தாது. "உனக்கு முன்னே நாலு பெத்தேன், எனக்கு இதெல்லாம் வரலை" என்று தினமும் சொல்லும் அம்மாவும் இருக்கிறார். எனவே எந்த வீடு என்று கேட்காதீர்கள். எந்த வீட்டில் இரவு குழந்தையை வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது, எந்த வீட்டில் அவளைப் பற்றி அவள் காதுபடப் பேசாமல் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். முடிவை அவளிடமே விடுவது உத்தமம். "உனக்கு எங்கே இருக்கணும்?" என்று அவளைக் கேட்காமலேயே கார் ஏற்பாடு செய்த வீடுகள் எத்தனையோ.

வீட்டால் கொடுக்க முடிந்த மருந்து ஒன்று உண்டு, அது தூக்கம். தொடர்ச்சியாக நாலைந்து மணி நேரம். இது எப்படி நடக்கும் என்று ஒரு வீட்டில் பார்த்தேன். ஒன்பதரைக்குப் பால் பீய்ச்சி மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்துவிட்டு, அவள் பின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கூடத்தில் குழந்தையோடு கணவன் படுப்பான். பதினொன்றரைக்குக் குழந்தை எழுந்தால் அவன் பாலாடையில் ஊற்றி, உதட்டோரம் வைத்து, மெதுவாகச் சரித்துக் கொடுப்பான். முதல் இரவு பாதி பால் கழுத்துத் துணியில்தான். பீய்ச்சிய பால் அறை வெப்பத்தில் நாலு மணி நேரம் தாங்கும், நம் கோடையில் ஃபிரிட்ஜில் வைப்பதே நல்லது. இரண்டு மணிக்கு மேல் அவள் முறை. அந்த வீட்டில் மாமியார் ஒரே ஒரு உதவி செய்தார்: பின் அறைக் கதவை யாரும் தட்டாமல் பார்த்துக்கொண்டார்.

லேகியமும் பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் இருக்கட்டும், உடம்புக்கு நல்லது. பத்தியம் என்ற பெயரில் அரை வயிற்றுச் சாப்பாடும் தண்ணீர்க் கட்டுப்பாடும் மட்டும் வேண்டாம். தீட்டு என்று தனி அறையில் முப்பது நாள் விடுவதில் ஓய்வும் உண்டு, தனிமையும் உண்டு. சோர்வு பிடித்தவளுக்குத் தனிமைதான் அதிகம் கிடைக்கிறது.

லேசான சோர்வுக்கு வீட்டு ஏற்பாடு பெரிய அளவில் கைகொடுக்கும். நடுத்தரத்துக்கும் கடுமையானதற்கும் இது அடித்தளம்தான், மேலே ஒன்று வேண்டும்.

பேச்சு சிகிச்சை

வெறும் ஆறுதல் பேச்சை நான் சொல்லவில்லை. எண்ணங்களையும் நடத்தையையும் எடுத்துப் பார்த்துத் திருத்தும் முறை ஒன்று. உறவுச் சிக்கல்களையும் வாழ்க்கையில் வந்த மாற்றத்தையும் மையமாக வைக்கும் முறை இன்னொன்று. இரண்டுக்கும் நல்ல ஆதாரம் உண்டு. கணவன், மாமியார், அம்மா என்று மூன்று பக்கமும் இழுபடுகிறவளுக்கு இரண்டாவது முறை பொருந்தும் என்பது என் எண்ணம். வாரம் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு அமர்வாவது போகும்.

இதற்கு மெத்தப் படித்தவர்கள்தான் வேண்டும் என்பதில்லை. பாகிஸ்தானில் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில் வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2008இல் வந்த முடிவு: கர்ப்பத்தில் மனச்சோர்வு இருந்த பெண்களில், இந்த உதவி கிடைத்தவர்கள் குழந்தைக்கு ஆறு மாதமாகும்போது 23 சதவீதம் பேர் சோர்வில் இருந்தார்கள். கிடைக்காத பக்கம் 53 சதவீதம். அதில் பணியாளர்கள் பேசியது குழந்தை வளர்ப்பைப் பற்றி. "உனக்கு மனநோய்" என்று ஆரம்பித்திருந்தால் பாதி வீடுகளில் கதவே திறந்திருக்காது. மாமியாரும் கூட உட்கார்ந்தார், ஏனென்றால் பேரப்பிள்ளை விஷயம். பின்னால் கோவாவில் உள்ளூர்ப் பெண்களையே வைத்து இதைச் செய்து பார்த்தார்கள். நம் கிராம சுகாதார செவிலியர் எப்படியும் வீட்டுக்கு வருகிறார். தடுப்பூசி அட்டையை நீட்டும்போது தாயின் தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை அவரிடம் சொல்லலாம்.

இந்த வழியின் குறை என்ன? நேரம், ஆள். நகரத்தில் தனியாரிடம் ஒரு அமர்வுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கேட்பது சாதாரணம். சின்ன ஊரில் பயிற்சி பெற்றவர் கிடைப்பதே பாடு. வீடியோ அழைப்பில் செய்யலாம், ஆனால் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பேச அவளுக்கு ஒரு அறை வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் அது சுலபமா என்ன? முக்கியமாக, அமர்வுகளுக்கு இடையே அவள் செய்ய வேண்டிய வேலை உண்டு. நடுத்தரச் சோர்வில் இருப்பவள் செய்துவிடுவாள். நாலு வரி பேசவே முடியாதவளை இங்கே முதலில் அனுப்புவது சரியில்லை.

மாத்திரை

சண்டையெல்லாம் இதில்தான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

பால் கொடுக்கும் தாய்க்கு மருத்துவர்கள் முதலில் யோசிப்பது பெரும்பாலும் செர்ட்ரலின். பல வருடமாகப் பயன்பாட்டில் இருக்கும் மருந்து, தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது. பால் குடித்த குழந்தைகளின் ரத்தத்தில் பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குத்தான் இருக்கிறது. பரோக்செட்டினும் பாலில் குறைவு. ஃபுளூவோக்செட்டின் உடம்பில் நெடுநாள் தங்குவதாலும் பாலில் கூடுதலாகக் கலப்பதாலும் பொதுவாக முதல் தேர்வாக இருப்பதில்லை. ஆனால் அதே மருந்தில் முன்பு குணமான பெண்ணாக இருந்தால் டாக்டர் அதையே தொடரலாம். பால் நிறுத்தினால்தான் மாத்திரை என்று யாராவது சொன்னால், சட்டென்று பாலை நிறுத்திவிடாமல் இன்னொரு மருத்துவரையும் கேட்டுவிடுவது நல்லது. குழந்தை குறைமாதத்தில் பிறந்ததாகவோ உடல்நலக் குறைவோடோ இருந்தால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். மாத்திரை தொடங்கியபின் குழந்தை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிகிறதா, பால் குடிப்பது குறைகிறதா, சிணுங்கிக்கொண்டே இருக்கிறதா என்று கவனித்தால் போதும்.

பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், முழுதாகத் தெரிய ஆறு வாரமும் ஆகலாம். முதல் வாரத்தில் வயிற்றுப் புரட்டல், தலைவலி, சிலருக்குப் பதற்றம் கூடுவதும் உண்டு. பாதிப் பேர் நிறுத்துவது இங்கேதான் என்று தோன்றுகிறது. நன்றாகிவிட்டது என்று இரண்டாம் மாதம் நிறுத்துவது அடுத்த தப்பு. குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர்ந்து, அப்புறம் டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைப்பதுதான் முறை. இந்த வகை மாத்திரைகள் தூக்க மாத்திரைகள் போலப் பழக்கத்துக்கு அடிமையாக்குவதில்லை. கூடவே தூக்கத்துக்கு வேறு மாத்திரை எழுதியிருந்தால் மட்டும், அந்த இரவுகளில் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது. தனியாகத் தொட்டிலிலோ வேறொருவரிடமோ இருக்கட்டும்.

மாத்திரை எழுதுவதற்கு முன் டாக்டர் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று: எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுகடந்த உற்சாகத்தில், கட்டுக்கடங்காத செலவும் பேச்சுமாக நாள்கணக்கில் இருந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது இப்படி உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை நோய் உண்டா? உண்டு என்றால் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுப்பது அந்த உற்சாக நிலையைக் கிளப்பிவிடலாம். அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். மணமான வீட்டில் மறைத்த விஷயமாக இருந்தாலும் டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் "14 நாளில் குணமாக்கும் அமெரிக்க மாத்திரை" என்று ஒரு செய்தி சுற்றினால் ஆச்சரியப்பட வேண்டாம். சுரனலோன் என்ற அந்த மருந்துக்கு 2023 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது உண்மைதான். ஒரு முறை சிகிச்சைக்கு அங்கே வைத்த விலை 15,900 டாலர். நம் டாக்டர் எழுதப்போவது மாதம் சில நூறு ரூபாய்க்குள் முடியும் பழைய வகைதான், அதற்குப் பலனும் உண்டு.

என் அளவுகோலில் வைத்துப் பாருங்கள். மாத்திரை அவளிடம் கேட்பது ஒரு நாளைக்கு அரை நிமிடம். எழ முடியாமல் கிடக்கிறவளுக்கு இதைவிட எளிய வழி இல்லை. கொஞ்சம் தெம்பு வந்ததும் பேச்சு சிகிச்சையும் சேர்ந்தால் நல்லது. மாத்திரையைக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது, கடுமையான நோய்க்கு லேசான வைத்தியம்தான்.

எங்கே போவது

பிரசவம் பார்த்த டாக்டரிடம் போவது சுலபம், அவர் ஏற்கெனவே பழக்கம். ஆறாவது வாரப் பரிசோதனையில் தையல், ரத்த அழுத்தம், கருத்தடை என்று ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மனதைப் பற்றிக் கேள்வி வராமலே போகலாம். நீங்களே வாய்விட்டுக் கேட்டு, இந்தச் சோர்வைக் கண்டுபிடிக்க உதவும் எடின்பரோ கேள்வித்தாள் என்று ஒன்று தரச் சொல்லுங்கள். 1987இல் வந்தது, கடந்த ஏழு நாளைப் பற்றிப் பத்துக் கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். தமிழ் வடிவமும் வேலூரில் சோதிக்கப்பட்டது. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கூர்ந்து பார்க்க வேண்டும், 13 அல்லது அதற்கு மேல் என்றால் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம். பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்தம் எவ்வளவு வந்தாலும் சரி, அதில் ‘ஆம்’ பக்கம் ஒரு குறி விழுந்தால் அன்றே பேசியாக வேண்டும். நான் பார்த்த ஒரு தாளில் அந்தக் கேள்விக்கு முதலில் ‘எப்போதாவது’ என்று குறி போட்டு, அதை அடித்துவிட்டு ‘ஒருபோதும் இல்லை’ என்று மாற்றியிருந்தது. நிரப்பும்போது பக்கத்தில் இருந்தவர் மாமியார். தாளைத் தனியாக நிரப்ப விடுங்கள்.

மனநல மருத்துவர்தான் சரியான இடம், நடுத்தரத்துக்கு மேல் என்றால் நேராக அங்கேயே போகலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் மனநலப் பிரிவு உண்டு, பணம் வேண்டாம். அலையவும் காத்திருக்கவும் நேரிடும், கைக்குழந்தையோடு போவது சிரமம்தான். இன்னொரு ஆள் கூடப் போனால் பாதி சிரமம் தீர்ந்தது. தயக்கம் விலகாதவர்கள் 14416க்கு அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மத்திய அரசின் தொலைபேசி மனநலச் சேவை, இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். முதல் படிக்கும் நடு இரவுக்கும் அது நல்லது. நேரில் பார்ப்பதற்கு மாற்றாக அதையே வைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தால் எல்லோருக்கும் ஒரே பயம், குழந்தை என்ன ஆகும் என்று. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 21ஆம் பிரிவில், சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்று இருக்கிறது. குழந்தைக்கு ஆபத்து என்று பட்டால் பிரிக்கலாம், அந்த முடிவைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும். பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல மருத்துவ நிறுவனத்தில் தாயையும் குழந்தையையும் சேர்த்தே அனுமதிக்கும் பிரிவு 2009 முதல் நடக்கிறது, இந்தியாவில் அதுதான் முதல். தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலிருந்து அது எட்டாத தூரமில்லை.

அப்பாவும் இந்தக் கணக்கில் உண்டு, ஆண்களுக்கும் பிள்ளை பிறந்தபின் சோர்வு வருகிறது. இரவு முறை எடுக்கும் அவனும் ஒருநாள் விட்டத்தைப் பார்த்துக் கிடந்தால் அவனையும் கேளுங்கள்.

அடுத்த பிள்ளை பற்றிய பேச்சு வரும்போது இதை மறந்துவிடுகிறார்கள். ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அவசரம் என்று மேலே சொன்ன அந்த மூன்றாவது வகை வந்திருந்தால், ஆயிரத்தில் ஒன்று இரண்டு என்ற கணக்கு மூன்றில் ஒருவர் அளவுக்கு ஏறிவிடுகிறது. கருத்தரிக்கும் முன்பே மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு, பதிவு செய்யும் நாளிலேயே மகப்பேறு டாக்டரிடம் சொல்லி, கர்ப்ப அட்டையில் ஒரு வரி எழுதிவைக்கச் சொல்லுங்கள். பிரசவ அறையில் அன்றைக்கு யார் பணியில் இருந்தாலும் கண்ணில் படும்.